கிட்டியும் கடவுச்சொல்லும்

கிட்டி என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு. மண்ணிலே சிறு குழி பறித்து, புள்ளை வைத்து, கோலால் எற்றி ஆடும் ஆட்டம். அதே சொல்லுக்கு அகராதியில் இன்னொரு பொருளும் உண்டு. இரண்டு கோல்களை ஒரு முனையில் பிணைத்து, இடையே ஒருவனுடைய விரல்களை நுழைத்து, மறுமுனையை இறுக்குவதற்கும் கிட்டி என்றே பெயர். கும்பினியார் ஆட்சியில் வரிபாக்கி நின்ற குடியானவனும், களவுக் குற்றம் சுமத்தப்பட்ட ஏழையும் அறிந்திருந்த கிட்டி இந்த இரண்டாவது கிட்டிதான்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே கூட்டேரிப்பட்டில் பேருந்தை விட்டிறங்கினால் மயிலம் செல்லும் சாலை பிரிகிறது. மலைமேல் முருகன் கோவில். அடிவாரத்தில் பொம்மபுர ஆதீனத்தாரின் திருமடமும் தமிழ்க் கல்லூரியும். விழுப்புரம் மாவட்டம் 1993இல் பிரிக்கப்படும்வரை இப்பகுதி தென்னாற்காடு மாவட்டமாக, கடலூரைத் தலைநகராகக் கொண்டு விளங்கிற்று. மலைக்குப் போகும் பக்தரானாலும், கல்லூரிக்குப் போகும் மாணவரானாலும், திண்டிவனத்துக் கடைவீதிக்குச் சரக்கெடுக்கப் போகும் நம்மவரானாலும், இன்று எல்லாருடைய சட்டைப்பையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. அதைத் திறக்கும் இரகசியச் சொல்லை, வீடுகளில் பாஸ்வேர்டு என்று வழங்கும் கடவுச்சொல்லை, குற்றம் சுமத்தப்பட்ட ஒருவரிடமிருந்து அரசு வலிந்து பெறலாமா என்பது நம் காலத்து நீதிமன்றங்களை அலைக்கழிக்கும் வினா. வினா புதியது, ஆனால் அதற்கு விடை தேடப் புகுவோர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம், தென்னாற்காட்டையும் உள்ளடக்கியிருந்த அப்பழைய சென்னை மாகாணமே.

1854ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலண்டன் பாராளுமன்றத்தின் மக்களவையில் ஒரு விவாதம் நடந்தது. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கக் குடிமக்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதற்குப் பின்னணியில் சென்னைவாசி ஒருவரின் உழைப்பு இருந்தது. அவர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார். 1844இல் அவர் தொடங்கிய ஆங்கில ஏட்டுக்குப் பெயர் ‘கிரசெண்ட்’. இந்துப் பெருமக்களின் நலனுக்காக ஓர் இந்து நடத்திய ஏட்டுக்குப் பிறை என்னும் பெயர் எப்படி வாய்த்ததோ, நம் போன்றோர்க்கு அது ஒரு சுவையான செய்திதான். 1853இல் இந்தியா வந்த பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமூரைச் செட்டியார் மாகாணத்தின் உள்ளூர்களுக்கு அழைத்துச் சென்று, குடிகள் படும் பாட்டை நேரில் காணச் செய்தார். கண்டதை அவர் பாராளுமன்றத்தில் சொன்னார். மறுக்க இயலாத நிலையில், கவர்னர் ஹாரிஸ் பிரபுவின் அரசு மூவர் கொண்ட கமிஷன் ஒன்றை நியமித்தது. எலியட், ஸ்டோக்ஸ், பாரிஸ்டர் ஜான் புரூஸ் நார்ட்டன் என்போர் அம்மூவர்.

கமிஷன் வாசலைத் திறந்ததும் வந்து குவிந்த புகார்கள் 1,959. அவற்றில் 519 பேர் நேரில் வந்து சொன்னவர்கள்; 1,440 பேர் எழுதியனுப்பியவர்கள். இரயில் இல்லாத காலத்தில், தாசில்தாரின் பகையைத் தேடிக்கொள்கிறோம் என்று தெரிந்தே, நெடுந்தூரம் நடந்து வந்து சாட்சியம் சொன்னவர்கள் அந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேர். 1855இல் வெளியான அறிக்கையில் கிட்டி இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ‘அனுண்டால்’ என்று உருமாறிக் கிடக்கும் அண்ணாந்தாளும் இருக்கிறது. கழுத்தையும் கால்விரலையும் துணியாலோ கயிற்றாலோ பிணைத்து, ஒருவனைக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது அது. கண்ணில் மிளகாய்ப்பொடி இடுவதும் இருக்கிறது. அன்று தாசில்தாரே வரி வசூலிப்பவர். அவரே போலீஸ் அதிகாரமும் உடையவர். 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி அப்படிச் செய்து வைத்திருந்தது. வரிப்பணம் எங்கே புதைத்திருக்கிறாய் என்று கேட்டவரும், களவுப்பொருள் எங்கே ஒளித்திருக்கிறாய் என்று கேட்டவரும் ஒரே சேவகர்தாம். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே கிட்டிதான்.

அறிக்கையின் முடிவு பாதி உண்மை. சித்திரவதை நடந்தது என்று ஒப்புக்கொண்ட கமிஷன், பழியை இந்தியச் சிப்பந்திகள் மேல் சுமத்தி, வெள்ளைக் கலெக்டர்களைப் பெரும்பாலும் விடுவித்துவிட்டது. வசூல் குறைந்தால் தாசில்தாரை வாட்டியவர் யார் என்ற கேள்வியை அது அழுத்திக் கேட்கவில்லை. கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் ஏட்டில் இவ்வறிக்கையைப் பற்றியே ஒரு கட்டுரை வரைந்தார். சிப்பாய்களின் கொடுமையைப் பற்றி அலறுவோர் தம் கணக்கையும் பார்க்கட்டும் என்பது அதன் போக்கு.

இருப்பினும் அவ்வறிக்கை ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1859இல் சென்னைக்கெனத் தனிப் போலீஸ் சட்டம் வந்து, வரி வசூலும் போலீசும் பிரிக்கப்பட்டன. 1861இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் செய்யப்படும் குற்ற ஒப்புதல் செல்லாது என்று விதித்தது. அவ்விதி 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25, 26ஆம் பிரிவுகளாக அமர்ந்தது. இங்கிலாந்தில்கூட இவ்வளவு கடுமையான தடை அன்றில்லை. போலீஸ்காரரிடம் ஒருவர் சொன்னதை எழுதிக்கொண்டு வந்தால், அதைக் கையால் தொடவும் மாட்டோம் என்று ஒரு சட்டம் சொல்ல வேண்டுமென்றால், அச்சட்டத்தை இயற்றியவர்கள் எதைப் பார்த்திருக்க வேண்டும்! அச்சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஸ்டீபன், போலீஸ் வன்முறைக்குக் கொடூரத்தைக் காட்டிலும் சோம்பலே பெரிய காரணம் என்று அனுபவம் மிக்க ஓர் அதிகாரி தம்மிடம் கூறியதைப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். சான்று தேடி அலைவது கடினம். பிடிபட்டவனின் வாயைத் திறப்பது எளிது. கடவுச்சொல் வழக்குகளைப் படிக்கும்போது இந்தக் குறிப்பு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

ஆனால் அதே சட்டத்தில் 27ஆம் பிரிவு என்றொரு சிறு கதவும் வைக்கப்பட்டது. காவலில் இருப்பவர் சொன்ன சொல்லால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்போடு தொடர்புடைய அளவுக்கு அச்சொல்லைச் சாட்சியமாகக் கொள்ளலாம் என்பது அது. இந்தக் கதவு பின்னர் எவ்வளவு அகலமாயிற்று என்பதைச் சொல்லுமுன், நம் மார்க்கச் சட்டத்தின் பக்கம் சற்றே திரும்ப வேண்டியிருக்கிறது. அது கட்டுரைக்கு அழகு சேர்க்கும் பொருட்டன்று. கமிஷன் அமர்ந்த காலத்தில் இம்மாகாணத்தின் குற்றவியல் நீதிமன்றங்களில் அடிப்படைச் சட்டமாக இருந்தது, கும்பினியாரின் ஒழுங்குவிதிகளால் திருத்தப்பட்ட இஸ்லாமியக் குற்றவியல் சட்டமே. சென்னையின் பவுஜ்தாரி அதாலத்திலும் அதன் கீழிருந்த மன்றங்களிலும் முப்திமார்களும் காஜிமார்களும் பத்வா வழங்கி வந்தனர். இன்று நிக்காஹ் தப்தரோடு நம் இல்லங்களுக்கு வரும் காஜியாரின் பதவிக்கு அன்று அத்தகைய கனம் இருந்தது. 1862 தொடக்கத்தில் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1864ஆம் ஆண்டின் பதினோராம் சட்டம் அப்பதவிகளை நீதிமன்றங்களிலிருந்து நீக்கியது.

அந்தச் சட்ட மரபில் வற்புறுத்தலுக்கு ‘இக்ராஹ்’ என்று பெயர். குற்ற ஒப்புதலுக்கு ‘இக்ரார்’ என்று பெயர். இக்ராஹ் புகுந்த இடத்தில் இக்ரார் செல்லாது என்பது ஹனபி சட்ட மேதைகளின் அடிப்படை விதி. பட்டினி போட்டோ, அச்சுறுத்தியோ, சிறையிலடைத்தோ வைக்கப்பட்டவன் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல்லில் நம்பகம் கிடையாது என்ற கருத்துப்பட ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கூறியதை, கலீபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில் இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டி, சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவர்களை அடிக்கலாகாது என்று எச்சரித்திருக்கிறார்கள். வரியைப் பற்றிய நூலொன்றில் இவ்வெச்சரிக்கை இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். தென்னாற்காட்டுத் தாசில்தாரும் வரியின் பெயரால்தானே கிட்டியை எடுத்தார்?

அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இன்னொரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பொருளைக் களவு கொடுத்த சிலர், நெசவாளர் சிலர்மேல் சந்தேகம் கொண்டு, ஆளுநராயிருந்த நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களிடம் முறையிட்டனர். அவர்கள் அந்நெசவாளரைச் சில நாள் தடுத்து வைத்துப் பின் விட்டுவிட்டார்கள். அடிக்காமல், சோதிக்காமல் விட்டுவிட்டீர்களே என்று பொருளிழந்தவர்கள் வந்து குறைபட்டபோது, நுஃமான் (ரலி) அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வேண்டுமானால் அடிக்கிறேன், பொருள் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அவர்கள் முதுகில் விழுந்த அத்தனை அடியும் உங்கள் முதுகில் விழும். இதுவே அல்லாஹ்வின், அவன் தூதரின் தீர்ப்பு என்பது அவர்கள் விளக்கம். சந்தேகத்தின் விலையைச் சந்தேகிப்பவனும் தர வேண்டும் என்ற அந்தக் கணக்கு, எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்டதில்லை.

நம் வரலாறு முழுவதும் இப்படியே நடந்தது என்று எழுதினால் அது வாசகரை ஏமாற்றுவதாகும். ஆட்சியாளரின் ‘ஷுர்தா’ என்னும் காவற்படையினர் பல காலங்களில் இவ்விதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ‘சியாசா’ எனப்படும் ஆட்சி நலனைக் காரணமாகக் காட்டி, பெயர்போன குற்றவாளிகளை அடித்து விசாரிக்கலாம் என்று பிற்காலத்தில் வாதிட்ட அறிஞர்களும் உண்டு. இப்னுல் கையிம் (ரஹ்) அவர்களே அதற்கு இடம் தந்து எழுதியிருக்கிறார்கள். விதி ஒன்றாகவும் காவல் கொட்டடி வேறொன்றாகவும் இருப்பது கும்பினியாரோடு தொடங்கிய கதையன்று.

இனி அந்தச் சிறு கதவுக்கு வருவோம். சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பகுதியில் நடந்த ஒரு கலகக் கொலை, இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. குற்றம் சாட்டப்பட்டவர், ஈட்டியை இன்ன வைக்கோற்போரில் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று போலீசாரிடம் சொல்ல, அது எடுக்கப்பட்டது. ‘புலுக்குரி கோட்டய்யா வழக்கு’ எனச் சட்ட மாணவர் அனைவரும் படிக்கும் இவ்வழக்கில் 1946 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஈட்டி ஒளித்து வைக்கப்பட்டிருப்பதை அவர் அறிந்திருந்தார் என்பது மட்டுமே சாட்சியம். அதைக் கொண்டு குத்தினேன் என்று சொன்னதாக எழுதியிருப்பது சாட்சியமன்று என்று பிரிவி கவுன்சில் வரையறுத்தது. அந்த வரையறை நல்லதே. ஆனால் ஈட்டி கிடைத்துவிட்டால் அது கிடைத்த விதத்தை யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள் என்பதைக் காவல் நிலையங்களும் அறிந்துகொண்டன.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம் 20ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில், குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கெதிராகத் தாமே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தலாகாது என்று கூறிற்று. ‘சாட்சியாதல்’ என்றால் என்ன? வாயால் சொல்வது மட்டுமா, கையால் எழுதிக் காட்டுவதுமா, விரலை மையில் தோய்த்து வைப்பதுமா? 1954இல் எட்டு நீதிபதிகள் ஆராய்ந்தனர். 1961இல் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து, ஒருவர் தம் சொந்த அறிவிலிருந்து வழக்குக்குரிய செய்தியைத் தெரிவிப்பதே சாட்சியாதல் என்றும், கைரேகை, கையெழுத்து மாதிரி முதலியன உடலின் அடையாளங்களேயன்றிச் சாட்சியம் ஆகா என்றும் முடிவு கூறினர். ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி அம்மையார் போலீசாரின் வினாக்களுக்கு விடையளிக்க மறுத்த வழக்கில், 1978இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், இப்பாதுகாப்பு நீதிமன்ற வாசலில் தொடங்குவதன்று, காவல் நிலையத்திலேயே தொடங்குகிறது என்றும், அடி மட்டுமன்றி மனத்தை நெருக்கும் அழுத்தமும் கட்டாயமே என்றும் எழுதினார். 2010 மே மாதம் ‘செல்வி வழக்கு’ என வழங்கும் தீர்ப்பில், மயக்க மருந்து கொடுத்து உண்மை கறப்பதையும், பொய்யறியும் கருவியையும், மூளை அலைச் சோதனையையும் இசைவின்றி நடத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஐம்பதாண்டுத் தீர்ப்புகளை ஒரே இழையாகப் பார்த்தால் கோடு தெளிவாகவே தெரிகிறது: உடலில் உள்ளதை அரசு எடுக்கலாம், நினைவில் உள்ளதை எடுக்கலாகாது.

கடவுச்சொல் அந்தக் கோட்டின்மேலேயே வந்து அமர்ந்தது. அது நினைவில் உள்ளது. எனினும் அது ஒரு சாவியைப் போன்றது. சாவியைக் கேட்பது வேறு, இரும்புப் பெட்டியின் இரகசிய எண்ணைக் கேட்பது வேறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன்ஸ் 1988இலேயே ஒரு மாற்றுத் தீர்ப்பில் குறித்திருந்தார். நம் நாட்டில் பெங்களூர்ப் போதைப்பொருள் வழக்கொன்றில் 2021 மார்ச் மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் முதன்முதலில் இதை விரிவாக ஆராய்ந்தது. நீதிபதி சூரஜ் கோவிந்தராஜ் அவர்களின் தீர்ப்பின்படி கடவுச்சொல் தருவது சாட்சியம் அன்று. கைரேகை தருவது போன்றதே. விசாரணை அதிகாரி கேட்கலாம். மறுத்தால் நீதிமன்றத்தின் சோதனை வாரண்டைப் பெறலாம். அப்போதும் மறுத்தால் அம்மறுப்பைக் கொண்டு பாதகமான ஊகம் செய்யவும் இடமுண்டு. அதே தீர்ப்பு பொய்யறியும் சோதனைக்கு இட்ட உத்தரவைத் தள்ளிவிட்டது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

டெல்லி வேறு திசையில் சென்றது. 2022 அக்டோபரில் அங்குள்ள சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம், கடவுச்சொல் மனத்திலிருந்து வருவதால் அதைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் விரல்ரேகையையோ முகத்தையோ கொண்டு திறப்பதானால் கட்டாயப்படுத்தலாம் என்றது. 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரைக் கடவுச்சொல் வெளியிடும்படி வற்புறுத்த முடியாது என்று கூறியது. ஆக, இரு உயர் நீதிமன்றங்கள் இரு வேறு பாதைகள். ஒரே கைப்பேசி எண்ணால் பூட்டப்பட்டிருந்தால் டெல்லியில் அரசியல் சாசனம் அதைக் காக்கிறது. விரலால் பூட்டப்பட்டிருந்தால் காப்பதில்லை. 1855இல் வாய் திறக்கட்டும் என்பதற்காக விரலை நெரித்தார்கள். இன்று விரலே சாவியாகிவிட்டபடியால், வாயைத் திறக்க வேண்டிய தேவையும் இல்லாமற்போயிற்று!

கர்நாடகத் தீர்ப்பின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாதுதான். கடவுச்சொல்லில் குற்றம் எதுவும் எழுதியிருப்பதில்லை. அதனால் திறக்கப்படும் செய்திகளை அரசு தனியே மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் எம் சிந்தை அவ்வாதத்தில் அமைதி கொள்ளவில்லை. வைக்கோற்போரைக் கலைத்தால் ஈட்டி ஒன்றுதான் வெளிவந்தது. கைப்பேசியைத் திறந்தால் வெளிவருவது ஒரு குடும்பம். இல்லத்துப் பெண்மக்களின் நிழற்படங்கள், சவூதியிலோ மலேசியாவிலோ இருக்கும் மகன் உம்மாவுக்கு அனுப்பிய குரல் செய்திகள், மருத்துவச் சீட்டுகள், வங்கிக் கணக்கு, மஹல்லா ஜமாஅத்தின் கடிதப் போக்குவரத்து, யார் யாரோடு எப்போது பேசினார் என்ற பட்டியல். குற்றம் சுமத்தப்பட்டவர் ஒருவர். அம்பலமாவோர் ஐம்பது பேர். 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்த தீர்ப்பு இவ்வைம்பது பேருக்கும் சேர்த்துத்தானே எழுதப்பட்டது?

இவ்விடத்தில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி நூல்களில் வழங்கும் இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. இரவு உலாவில் ஒரு வீட்டுக்குள் தகாத செயல் நடப்பதாக ஐயுற்று, சுவரேறிக் குதித்துக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அவ்வீட்டுக்காரனோ, நான் செய்த பாவம் ஒன்று. அமீருல் முஃமினீனே, தாங்கள் துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழி வரவில்லை, அனுமதியும் கேட்கவில்லை என்று திருமறை தடுத்த மூன்றைச் சுட்டினான். கலீபா அவர்கள் அவனை விட்டுத் திரும்பினார்கள். கண்டது உண்மையாயிருந்தும் கண்ட வழி தவறென்பதால் திரும்பிய ஆட்சியாளர் அவர்கள்.

எதிர்த்தரப்பின் நியாயம் சிறியதன்று. 2019இல் வெளிவந்த பொள்ளாச்சிக் கொடுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். இளம்பெண்களைப் படமெடுத்து மிரட்டியவர்களின் குற்றம் கைப்பேசிகளுக்குள்தான் இருந்தது. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை வழங்கியபோது மின்னணுச் சான்றுகள் அதற்குப் பெருந்துணையாய் நின்றன. நம் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தியின் படம் அப்படி ஒரு கயவனின் கையில் அகப்பட்டிருந்தால், அவனுடைய கடவுச்சொல்லின் புனிதத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருப்போமா? பேச மாட்டோம். ஆனால் நிபுணர்கள் தடய அறிவியல் கூடத்தில் வைத்துச் சாதனத்தை ஆராய்வதற்கும், ஆளை அறையில் வைத்து நாவை ஆராய்வதற்கும் வேற்றுமை உண்டு. முன்னதற்குக் காலமும் பொருளும் செலவாகும். ஸ்டீபன் குறிப்பிட்ட சோம்பல் இங்கேதான் குறுக்கே வருகிறது.

சட்டங்களோ ஒவ்வொன்றாக மறுதிசையில் நகர்கின்றன. 2008இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, பூட்டிய செய்தியைத் திறந்து தர உதவ மறுப்பவருக்கு ஏழாண்டுவரை சிறை என்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அது பொருந்துமா என்பது சாசனத்தின் 20ஆம் பிரிவோடு மோதும் கேள்வி. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஒப்படைக்கக் கேட்கத்தக்கவற்றுள் மின்னணுச் சாதனங்களையும் வெளிப்படையாகச் சேர்த்தது. கடவுச்சொல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், சோதனையிடும் அதிகாரி கணினியின் நுழைவுக் குறியீட்டை மீறித் திறக்கவும் அதிகாரம் தந்திருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டத்தில் ஒரு நன்மையும் உண்டு: சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அதன் 105ஆம் பிரிவு. கைப்பற்றுதல் பட்டியலின் நகலைக் கேட்டுப் பெறவும், பதிவு செய்யப்படுகிறதா என்று கேட்கவும், வழக்குரைஞரை நாடவும் நம் குடும்பங்கள் கூச்சப்படுதல் கூடாது. கேட்பது குற்றமன்று.

மறுப்பதையே குற்றமாக்கிய நாடும் உண்டு. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் பகுதி 2007இல் நடைமுறைக்கு வந்தது; அதன்படி, முறைப்படி கேட்கப்பட்ட சாவியைத் தராதவருக்கு ஈராண்டுச் சிறை, நாட்டுப் பாதுகாப்பு, சிறுவர்க்கெதிரான குற்றம் ஆகியவற்றில் ஐந்தாண்டு. துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும், சந்தேகமே இல்லாமல் ஒருவரை நிறுத்தி விசாரிக்கப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை இடமளிக்கிறது. 2016 நவம்பரில் ஹீத்ரோ விமான நிலையத்தில் ‘கேஜ்’ என்னும் அமைப்பின் இயக்குநர் முஹம்மது ரப்பானி அவ்வாறு நிறுத்தப்பட்டார். சித்திரவதைக்குள்ளானதாகக் கூறும் ஒருவரின் வாக்குமூலம் தம் சாதனத்தில் இருப்பதால் கடவுச்சொல்லைத் தர முடியாது என்றார். 2017 செப்டம்பரில் அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. ஓராண்டு நன்னடத்தை நிபந்தனையோடு விடப்பட்டார். அவ்வமைப்பின் கருத்துகளைப் பற்றி எவர் எவ்வாறு எண்ணினும், சித்திரவதை பற்றிய சாட்சியத்தைக் காக்கச் சொல்லாதிருந்த ஒரு சொல் தண்டனைக்குரியதாயிற்று என்பது 1855ஆம் ஆண்டு அறிக்கையைப் படித்தவர்க்கு உறைக்காமல் போகாது.

மீண்டும் தென்னாற்காட்டுக்கே வருவோம். கிட்டி போய்விட்டது என்று எவரேனும் கூறினால், 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். நகைத் திருட்டென்று சொல்லி இழுத்துச் செல்லப்பட்ட முதனை கிராமத்துக் குறவர் இனத்தவர் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. தப்பியோடிவிட்டார் என்றது போலீஸ். அவருடைய மனைவிக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர், பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு அவர்கள். 2021இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படத்தால் அக்கதையை நாடறியும். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி அவர்கள் நடத்தி வரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வரலாறே, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கப்பட்ட இருளர் குடும்பங்களின் வரலாறு. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோவிலின் காவலாளி ஒருவர், காணாமற்போன நகை எங்கே என்று கேட்கப்பட்டபோது அடிபட்டு இறந்தார்; காவலர்கள் கைதாயினர், வழக்கு சி.பி.ஐ.க்கு மாறிற்று. எங்கே, எங்கே என்ற அந்தக் கேள்வி மாறவேயில்லை. கேட்கப்படும் பொருள் மட்டும் வரிப்பணமாக, ஈட்டியாக, நகையாக மாறி வந்திருக்கிறது. நாலிலக்கமோ ஆறிலக்கமோ கொண்ட ஓர் எண் அவ்வரிசையில் சேரும்போது, ஒரு வேற்றுமை கவனிக்கத்தக்கது. நகை இல்லாதவன் இல்லை என்று சொல்லிச் சாதிக்கலாம். தன் கைப்பேசியின் எண் தெரியாது என்று எவன் சொல்ல முடியும்? கேட்பவருக்கு விடை அங்கே இருக்கிறது என்பது நிச்சயமாய்த் தெரியும். அந்த நிச்சயம்தான் அறைக்குள் நடக்கக்கூடியதைப் பற்றி நம்மை அஞ்ச வைக்கிறது.

செல்வாக்குடையோர்க்கு நீதிமன்றத்தின் கதவு விரைவில் திறக்கிறது. லாட்டரித் தொழிலதிபர் சாண்டியாகோ மார்ட்டின் தரப்பினரிடம் 2024 நவம்பரில் அமலாக்கத் துறை கைப்பற்றிய சாதனங்களின் உள்ளடக்கத்தைப் பார்க்கவோ நகலெடுக்கவோ கூடாதென்று அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பத்திரிகையாளர்களின் சாதனங்களைக் கைப்பற்றுவது தொடர்பான வழக்கில் 2023 நவம்பரில் அதே நீதிமன்றம், இதற்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று மத்திய அரசிடம் கூறியது. நெறிகள் வகுக்கப்படும்வரை 2020ஆம் ஆண்டின் சி.பி.ஐ. கையேட்டையாவது பின்பற்றுவதாக அடுத்த மாதம் அரசு உறுதியளித்தது. அவ்வுறுதி மத்திய அரசின் விசாரணை அமைப்புகளைப் பற்றியது. மயிலம் காவல் நிலையமும் திண்டிவனம் காவல் நிலையமும் மாநில அரசின் போலீசுக்கு உட்பட்டவை.